நாய்: உண்டு / இல்லை

ஃப்ரீஸ்லாந்தில்
எங்கள் நீர்வாரியத்தின் கரைப்பார்வைப் படிவத்தில்
பதினேழு கட்டங்கள்.
விரிசல். கசிவு. அகழான் வளை.
ஆடுகள் ஒட்ட மேய்ந்த புல்.
பதினான்காவது கட்டம்:
நாய் – உண்டு / இல்லை.

எந்த நாய் என்று யாரும் கேட்டதில்லை.
மண்கரைமேல் நடந்து வந்தவர்கள்
ஈரக் கையோடு 'இல்லை'யில் குறியிட்டார்கள்.
நானும் பதினோரு ஆண்டு
கணினியில் ஏற்றினேன்,
இல்லை, இல்லை, இல்லை,
வாசலில் நிற்கும் கடன்காரனுக்குச் சொல்வதுபோல.

படிவம் கைப்பேசிக்கு மாறும் காலம் வந்தது.
க்ரோனிங்கனிலிருந்து வந்த யெல்மர்
ஒரே தட்டில் அந்தக் கட்டத்தை அழித்தான்.
சரிதான் என்றோம்.

அந்த வாரம் எங்கள் மாடியில் வெப்பமூட்டி பழுது.
கணக்குப் பிரிவு ஹில்கெ
குளிருக்குப் பயந்துதான்
கீழே ஆவண அறைக்குப் போனார்.
சும்மா இருக்க முடியாமல்
ஒரு கோப்பைப் பிரித்தார்.

ஆறாம் பிரிவு, இரு மதகுகளுக்கு நடுவே
இருநூறு மீட்டர்.
ஊபெலெ கால்ஸ்மா அங்கே நடக்கவில்லை.
பண்ணை முற்றத்தில் ஒரு நாய்,
நீளமான சங்கிலி.
வேலியோரம் நின்று
'நலம்' என்று எழுதிவிட்டுத் திரும்பிவிட்டார்.
நாற்பது நாள் கழித்து
தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.
பதினெட்டுப் பசுக்கள். ஒரு டிராக்டர்.
ஒரு வீட்டின் கீழ்த்தளம், பியானோவோடு.

விசாரணை நடந்தது, கத்தல் நடந்தது,
ஊபெலெ வேலையை விட்டுப் போனார்.
இவ்வளவுக்கும் பிறகு
அலுவலகம் கற்றுக்கொண்டது
ஒரு கட்டம்.
நாய் மறு ஆண்டே செத்தது.
கட்டம் சாகவில்லை.

கூட்டத்தில் எல்லாரும் சிரித்தோம்.
கரைத்தலைவி ஃபூக்யெ சிரிக்கவில்லை.
"நாயைக் கேட்டோம்.
அவர் நம்மிடம் எதைச் சொல்லப் பயந்தார் என்று
கேட்கவில்லையே" என்றார்.
யெல்மர் தலையைச் சொறிந்தபடி
அழித்த இடத்தில் தட்டினான்:
*நடக்காமல் விட்ட இடம் எது? ஏன்?*

முதல் மாதம்: ஒன்றுமில்லை.
இரண்டாம் மாதம்: ஒன்றுமில்லை.
யார் எழுதுவார், சம்பளம் தருகிறவருக்கு?

நவம்பர்ப் புயலில் ஃபூக்யெ தானே போனார்.
மறுநாள் எல்லார் திரையிலும் அவர் படிவம்:
பாலத்துக்கு அப்பால் போகவில்லை.
இருட்டு. பயந்தேன்.

காப்பி அறையில் அன்று
கரண்டிச் சத்தம் மட்டும்.
அதன் பிறகு, மெல்ல மெல்ல:

பிரிவு மூன்று – காளை.
பிரிவு ஒன்பது – என் முழங்கால்.
பிரிவு ஆறு – அந்த வீட்டுக்காரன் என் முன்னாள் மைத்துனன்.
பிரிவு பதினொன்று – காரணம் சொல்ல விருப்பமில்லை,
வேறு ஆளை அனுப்புங்கள்.

அனுப்பினோம்.
காரணம் கேட்கவில்லை.
காளைக்குப் பின்னால் ஒரு கசிவு இருந்தது,
தேக்கரண்டி அளவு.
இரண்டு பேர், ஒரு பிற்பகல், கொஞ்சம் களிமண்.
செய்தித்தாளில் வரும் அளவுக்கு எதுவுமில்லை.
வராமல் இருப்பதுதானே எங்கள் தொழில்.

கரை கண்டவர்கள் என்று
பெயரெடுத்த வாரியம் இது.
காணாத கரைக்கும் ஒரு வரைபடம் வேண்டும் என்று
எங்களுக்குத் தெரிய
ஒரு வெப்பமூட்டி பழுதாக வேண்டியிருந்தது.

இங்கே முடித்திருப்பேன்.
யெல்மர் வேறு வேலைக்குப் போய்விட்டான்,
ஹில்கெ ஓய்வு பெற்றார்,
புதியவர்கள் நல்லவர்கள், வேகமானவர்கள்.
இந்த வசந்தத்தில் கவனித்தேன்:
பதினான்காம் கட்டம்
நான்கு மாதமாக, எல்லாப் பிரிவிலும்,
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
சிலரிடம் அதற்கென்றே
கைப்பேசியில் ஒரு குறுக்குவழிகூட இருக்கிறதாம்.

அச்செடுத்துப் போய் மேசைமேல் வைத்தேன்.
ஃபூக்யெ கண்ணாடியை மாட்டிக்கொண்டு
கடைசித் தாள்வரை வாசித்தார்.

"நாய் திரும்பி வந்துவிட்டது" என்றார்.

மேசைக்கடியில் காலால்
பூட்ஸைத் துழாவினார்.